காணாமல் நம்புதல்: ‘பொன்னியின் செல்வ’னில் நட்பும் விசுவாசமும்

நட்பைப் பற்றித் தமிழில் பேசப் புகும் எவரும் திருக்குறளின் 79ஆம் அதிகாரம் முதல் 83ஆம் அதிகாரம் வரையுள்ள பகுதியைக் கடந்து செல்ல இயலாது. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை இப்பொருளுக்கென்றே வகுத்த வள்ளுவர், நட்புக் கொள்வதற்கு முன் ஒருவனைச் சோதித்து அறிவதை ‘நட்பாராய்தல்’ என்றும், நெடுநாள் பழகிய நண்பன் பிழை செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் உரிமையைப் ‘பழைமை’ என்றும் பிரித்துக் காட்டுகிறார். ஆராய்தல் முன்னால் நிற்கிறது. பொறுத்தல் பின்னால் வருகிறது. ஆனால் வாழ்க்கையில் இவ்விரண்டும் இப்படி வரிசையாக வருவதில்லை. பல ஆண்டுகள் பழகியபின் திடீரென்று ஓர் இரவில் நண்பனைப் புதிதாக ஆராய வேண்டிய நிலை வரலாம். நேற்றுப் பார்த்த ஒருவனை எந்த ஆராய்ச்சியும் இன்றி நம்பியே தீரவேண்டிய நெருக்கடியும் வரலாம். அறநூல் விதியைச் சொல்லி நின்றுவிடும் இடத்திலிருந்துதான் நாவல் தன் வேலையைத் தொடங்குகிறது. தமிழ் நாவல்களில் இந்தச் சோதனையை மிக விரிவாகவும் மிகத் துணிவாகவும் நிகழ்த்திக் காட்டியது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ என்பதே இவ்வுரையின் கருத்து.

ஆய்க்குடியில் இதைப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. பொதியில் மலையை ஆண்ட ஆய் அண்டிரனின் ஊராக இவ்வூர் கருதப்படுகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவனைப் புறநானூற்றில் மிகுதியாகப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். வடக்கே இமயமும் தெற்கே ஆய்க்குடியும் இல்லாவிட்டால் இவ்வுலகம் நிலை புரண்டுவிடும் என்னும் பொருளில் இவ்வூரை உயர்த்திப் பாடியவரும் அவரே. மறுமையில் பலன் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து அறத்தை விலைக்கு விற்கும் வணிகன் அல்லன் ஆய் என்று அவர் சொன்ன இடம், கொடைக்கு மட்டும் உரியதன்று. நட்புக்கும் விசுவாசத்துக்கும் அதுவே அடிப்படை. திரும்பப் பெறுவதற்காகக் கொடுக்கப்படும் நம்பிக்கை, நம்பிக்கை ஆகாது.

அதே புறநானூற்றில் மற்றொரு நட்பும் பதிவாகியுள்ளது. தன் மக்களோடு ஏற்பட்ட பகையால் மனம் வெறுத்த கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான்; வடக்கிருத்தல் என்பது வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணா நோன்பிருந்து உயிர் துறத்தல். பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த ஆந்தையாரை அவன் ஒருமுறைகூடக் கண்டதில்லை. ஆயினும் அவர் தவறாமல் வருவார் என்று சொல்லி, தன் அருகில் அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கிவைக்கச் சொன்னான், அருகிருந்தோர் ஐயுற்றனர், ஆந்தையார் வந்தார். தமிழ் மரபு நட்பின் உச்சமாகப் போற்றும் இந்நிகழ்ச்சியில் போர் இல்லை, வீரச்செயல் இல்லை. முகம் காணாத ஒருவனைப் பற்றி ஒருவன் கொண்ட உறுதி மட்டுமே உள்ளது. கல்கியின் நாவலில் நட்புக்கு வைக்கப்படும் சோதனையும் இதே வகையைச் சேர்ந்தது என்பதை மேலே காணலாம்.

கல்கிக்கும் இப்பகுதிக்கும் உள்ள தொடர்பும் நட்பின் வழி வந்ததே. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் வாழ்வின் பிற்பகுதியைக் குற்றாலத்தில் கழித்தார். அதற்குமுன் திருநெல்வேலியில் அவர் வீட்டின் தொட்டிக் கட்டில், அதாவது நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றத்தில், நண்பர்கள் வட்டமாகக் கூடிக் கம்பனைப் பாடி மகிழ்ந்த கூட்டம் ‘வட்டத்தொட்டி’ எனப் பெயர் பெற்றது. கல்கியும் ராஜாஜியும் ரசிகமணியின் நெருங்கிய நண்பர்கள். ரசிகமணி 1954 பிப்ரவரியில் மறைந்தார். கல்கி அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று மறைந்தார். ‘பொன்னியின் செல்வன்’ ‘கல்கி’ இதழில் 1950இல் தொடங்கி அந்த 1954ஆம் ஆண்டில்தான் முடிந்தது. வாரந்தோறும் மணியத்தின் ஓவியங்களோடு வெளிவந்து, ஐந்து பாகங்களாக விரிந்த அந்த நாவலை எழுதிய கை, நட்பை ஏட்டில் மட்டும் அறிந்த கை அன்று.

நாவலின் வேர் ஒரு கல்லில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்று துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலானோரின் உடைமைகளும் அவர்தம் சுற்றத்தாரின் உடைமைகளும் பறிக்கப்பட்டதைக் கூறுகிறது. கொலை செய்தவர்களைக் கல்வெட்டு கொலையாளிகள் என்று விட்டுவிடாமல் துரோகிகள் என்று குறிப்பது கவனிக்கத்தக்கது. நம்பிய இடத்திலிருந்து வந்த கேடு அது என்பதே அதன் பொருள். இதற்கு நேர் எதிராக, வல்லவரையர் வந்தியத்தேவரைப் பற்றி வரலாறு தரும் செய்தி மிகச் சிறியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அவர் இராசராசனின் தமக்கை குந்தவையாரின் கணவர் என்ற அளவில் தோன்றுகிறார். துரோகிகளுக்குப் பெயர்ப்பட்டியலே இருக்கிறது. விசுவாசிக்கு ஓர் உறவுக் குறிப்பு மட்டுமே கிடைக்கிறது. கல்கி அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு, உடையார்குடிக்கு அண்மையிலுள்ள வீரநாராயண ஏரிக்கரையில், ஓர் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, அந்த மனிதனைக் குதிரைமேல் ஏற்றிக் கதையைத் தொடங்குகிறார்.

குதிரைமேல் வரும் இளைஞன் ஒருவன் அரசியல் சூழ்ச்சியில் சிக்குவதாகத் தொடங்கும் கதைக்கு உலக இலக்கியத்தில் முன்னோடி உண்டு. அலெக்சாந்தர் துமா 1844இல் எழுதிய ‘மூன்று துப்பாக்கி வீரர்கள்’ நாவலில் தார்த்தாஞன் தந்தை தந்த கடிதத்தோடு பாரிசுக்குப் புறப்படுகிறான். வந்தியத்தேவனும் ஆதித்த கரிகாலன் தந்த இரண்டு ஓலைகளோடு காஞ்சியிலிருந்து வருகிறான். ஒன்று தஞ்சையிலுள்ள தந்தை சுந்தர சோழருக்கு, மற்றொன்று பழையாறையிலுள்ள தங்கை குந்தவைக்கு. ஒற்றுமை இவ்வளவோடு முடிகிறது. துமாவின் நாயகனுக்கு விரைவிலேயே மூன்று தோழர்கள் அமைகிறார்கள். நால்வரும் ஒருவருக்கொருவர் அரணாக நிற்கிறார்கள். கல்கியின் நாயகனுக்கோ அப்படிப்பட்ட அணி இல்லை. அவன் ஏறக்குறைய நாவல் முழுவதும் தனியன். அவன் சந்திக்கும் ஒவ்வொருவரும் நண்பரா பகைவரா என்பதை அவன் ஊகித்தே நடக்க வேண்டியிருக்கிறது.

முதல் சோதனை நண்பன் வீட்டிலேயே காத்திருக்கிறது. கடம்பூர்ச் சம்புவரையரின் மகன் கந்தமாறனும் வந்தியத்தேவனும் வடபெண்ணைக் கரையில் எல்லைக் காவலில் ஒன்றாக இருந்தவர்கள். தன் தங்கை மணிமேகலையை அவனுக்கே மணம் முடித்துத் தருவதாகக் கந்தமாறன் ஆசை காட்டிப் பேசிய நாட்களும் உண்டு. அந்த உரிமையோடுதான் வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையில் இரவு தங்குகிறான். அந்த இரவில், பெரிய பழுவேட்டரையரும் பிற சிற்றரசர்களும் கூடி, கரிகாலனை விலக்கி, முன்னாள் மன்னர் கண்டராதித்தரின் மகனாக வளர்ந்த மதுராந்தகனுக்கு முடிசூட்டத் திட்டமிடுவதை அவன் மறைந்திருந்து கேட்க நேர்கிறது. இனி அவன் செய்யக்கூடியது எதுவாயினும் ஓர் உறவுக்குக் குறை வைக்கும். கேட்டதை நண்பனிடம் சொன்னால் எசமானனுக்குத் துரோகம். எசமானனிடம் சொன்னால் உப்பிட்ட வீட்டுக்குத் துரோகம். மறுநாள் கந்தமாறன் அவனை வழியனுப்பக் கொள்ளிடக் கரை வரை உடன் வருகிறான். இரு நண்பர்கள் குதிரைகளில் அருகருகே போகிறார்கள், பேச்சும் நடக்கிறது, ஆனால் முக்கியமான ஒன்று பேசப்படாமலே பயணம் முடிகிறது. தமிழ் நாவலில் நட்பின் முறிவு இவ்வளவு அமைதியாகச் சொல்லப்பட்ட இடம் அரிது. வாள் உருவப்படவில்லை, கடுஞ்சொல் ஒன்றுமில்லை. முன்பு ஒளிவு இல்லாத இருவருக்கிடையே ஒளிவு வந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்த சோதனை தஞ்சைக் கோட்டையின் நிலவறையில் நேர்கிறது. நிலவறை என்பது பழுவேட்டரையரின் பொறுப்பில் சோழநாட்டுப் பொக்கிஷம் வைக்கப்பட்டிருந்த பாதாள அறை. அதன் வழியே கோட்டைக்கு வெளியே செல்லும் இரகசியப் பாதையும் இருந்தது. தப்புவதற்காக வந்தியத்தேவன் அந்த இருட்டில் ஒளிந்திருக்கும்போது, தீவட்டி பிடித்த காவலனுடன் கந்தமாறன் அவ்வழியே வருகிறான். பெரிய பழுவேட்டரையரின் ஆணைப்படி அந்தக் காவலன் கந்தமாறனை முதுகில் குத்துகிறான். வந்தியத்தேவன் மறைவிலேயே இருந்திருந்தால் அவனுக்கு எந்த இடரும் இல்லை. ஓலையும் உயிரும் பத்திரமாக இருந்திருக்கும். அவன் பாய்ந்து காவலனை வீழ்த்தி, நினைவிழந்த நண்பனைத் தூக்கிச் சுமந்து, கோட்டைக்கு வெளியே சேந்தன் அமுதனின் குடிசையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். கடமைக்கு ஊறு நேரக்கூடும் என்று அறிந்தும், ஏற்கெனவே தன்னிடம் மனம் மாறிவிட்ட ஒருவனுக்காக அவன் இதைச் செய்கிறான் என்பதை வாசகர் நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். வள்ளுவர் கூறும் பழைமையை அவன் கைக்கொண்டான்.

கந்தமாறன் கைக்கொண்டது வேறு. நினைவு தெளிந்தபின், தன்னைக் குத்தியவன் வந்தியத்தேவனே என்று அவன் நம்புகிறான். அப்படியே பிறரிடமும் சொல்லித் திரிகிறான். குத்து முதுகில் விழுந்தது. குத்தியவனின் முகத்தை அவன் பார்த்திருக்க வழியில்லை. பல ஆண்டுப் பழக்கம் ஒரு பக்கம், காணாத ஒன்றைப் பற்றிய சந்தேகம் மற்றொரு பக்கம். தராசு சந்தேகத்தின் பக்கமே சாய்கிறது. கோப்பெருஞ்சோழன் காணாதவனை நம்பினான். கந்தமாறன் காணாததைக் கொண்டு, நன்கு கண்டறிந்தவனை நம்ப மறுத்தான். இவன் தீயவன் அல்லன் என்பதையும் கல்கி தெளிவாகவே காட்டுகிறார். தன் குடும்பம் தனக்கு மறைத்து நடத்தும் பெருங்காரியங்களின் ஓரத்தில் நிற்பவன், நண்பனும் தன்னிடம் எதையோ மறைக்கிறான் என்று உணரும்போது அடையும் கசப்பே அவனை இந்நிலைக்குத் தள்ளுகிறது. கடம்பூர் இரவில் வந்த ஒளிவு இங்கே தன் பலனைத் தருகிறது.

இந்த இடத்தில் நாவலின்மேல் ஒரு குறையும் சொல்ல வேண்டும். நிலவறை நிகழ்ச்சிக்குப் பிறகு கந்தமாறனைக் கல்கி வரவர எளிய மனிதனாக்கிவிடுகிறார். தவறு அவன்பக்கம் என்பது வாசகருக்கு முன்னமே தெரிந்திருப்பதால், அவனுடைய ஐயம் நகைப்புக்கு இடமாகிறதே தவிர வலியாக மாறுவதில்லை. அவன் ஒருமுறையேனும் தன் முடிவைத் தானே சந்தேகித்து, மீண்டும் அதிலேயே விழுவதாக எழுதப்பட்டிருந்தால், தமிழ்ப் புனைகதையின் மிக ஆழமான பாத்திரங்களுள் அவன் ஒருவனாகியிருப்பான். வாரப் பத்திரிகையின் வேகம் அதற்கு இடம் தரவில்லை போலும்.

கந்தமாறன் தோற்ற இடத்தில் வென்றவன் சேந்தன் அமுதன். தஞ்சைத் தளிக்குளத்தார் ஆலயத்துக்குப் பூமாலை கட்டிக் கொடுத்துத் தேவாரம் பாடித் திரியும் இந்த இளைஞனுக்கு வந்தியத்தேவன் முன்பின் தெரியாதவன். தஞ்சைக்கு வந்தவனுக்குத் தங்க இடம் கொடுத்தான். அவன் கொண்டுவந்த காயம்பட்டவனையும் வீட்டில் ஏற்றான். அதன் விலையாக அவன் பாதாளச் சிறைக்கு அனுப்பப்படுகிறான். தங்கசாலையின் வழியே இறங்கிச் செல்லும் அந்தச் சிறை, உறுமும் புலிகளின் கூண்டுகளைக் கடந்து போக வேண்டிய இடம் என்று கல்கி வருணிக்கிறார். ஆலயத்துக்குப் பூத்தொடுக்கும் கைகள் அங்கே கிடப்பதை அவர் அதிகச் சொற்களின்றியே உணர்த்துகிறார். குந்தவைதான் பின்னர் அவனை விடுவிக்கிறாள். ஓரிரு நாள் பழக்கத்துக்காகச் சிறை சென்ற இவனையும், பல ஆண்டுப் பழக்கத்தை ஒரு நொடியில் உதறிய அவனையும் ஒரே குடிசையில் ஒரே இரவில் சந்திக்கவைத்தது தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

மேலிருந்து கீழ்நோக்கி வரும் விசுவாசத்தை நாவல்கள் அதிகம் பேசுவதில்லை. ஏவலன் எசமானனுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பது உலகறிந்த நீதி. எசமானன் ஏவலனுக்கு எவ்வளவு கடமைப்பட்டவன் என்பது அரிதாகவே கேட்கப்படும் கேள்வி. குந்தவையின் ஓலையோடு இலங்கைக்குச் செல்லும் வந்தியத்தேவன், அவள் தம்பியும் பின்னாள் இராசராசனுமான இளவரசன் அருள்மொழிவர்மன் சிறைப்பட்டு இருப்பதாக நம்பி, இரவிதாசன் கூட்டத்தார் கைப்பற்றிய கப்பலில் ஏறிச் சிக்கிக்கொள்கிறான். சுழற்காற்று வீசுகிறது, அவன் கப்பலில் இடி விழுந்து தீப்பற்றுகிறது. வேறொரு கப்பலிலிருந்து இதைக் காணும் இளவரசன், கரிகாலனின் நண்பன் பார்த்திபேந்திரன் தடுத்தும் கேளாமல், படகில் இறங்கிக் கொந்தளிக்கும் கடலில் அவனை மீட்கச் செல்கிறான். நாட்டின் எதிர்காலத்தையே சுமந்திருக்கும் ஒருவன் ஒரு தூதனுக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா என்று அரசியல் அறிந்தோர் கேட்பார்கள். பார்த்திபேந்திரன் கேட்டதும் அதுவே. தனக்காக வந்தவனைக் கைவிட்டுத் திரும்பும் ஒருவனை எதிர்காலத்தில் எவன் நம்புவான் என்பதே இளவரசனின் செயலில் அடங்கிய விடை. இருவரும் கடலில் தத்தளிக்கையில் ஓடக்காரப் பெண் பூங்குழலியின் படகு வந்து காப்பாற்றுகிறது.

விசுவாசம் என்ற குணம் தன்னளவில் நல்லதா என்னும் கடினமான கேள்வியையும் கல்கி தவிர்க்கவில்லை. உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்து ஈடுசெய்வதைச் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்று தமிழ் மரபு போற்றும்; கும்பகருணனும் கர்ணனும் அதற்குச் சான்றுகள். இக்கடன் அரசியல் அமைப்பாகவே இறுகியிருந்த காலத்தைத்தான் நாவல் காட்டுகிறது. சோழ மன்னனைக் காக்க உயிர்ச் சபதம் செய்தோர் வேளக்காரப் படையினர். பாண்டிய மன்னனுக்கு அதேபோன்ற சபதம் செய்தோர் ஆபத்துதவிகள். இரவிதாசனும் அவன் கூட்டத்தாரும் இரண்டாம் வகையினராகவே படைக்கப்பட்டுள்ளனர். போரில் காயமுற்று ஒளிந்திருந்த வீரபாண்டியனை, பின்னாளில் பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவியான நந்தினி கெஞ்சி நின்றும் கேளாமல், ஆதித்த கரிகாலன் தலை துணித்தான்; அந்த அரசனுக்குப் பட்ட கடனைத்தான் அவர்கள் தீர்க்க வருகிறார்கள். அவர்கள் பணத்துக்கு விலைபோகவில்லை, சபதம் மீறவில்லை, துன்பத்துக்கு அஞ்சவில்லை. அளவால் நோக்கினால் அவர்களுடைய விசுவாசம் வந்தியத்தேவனுடையதைவிடக் குறைந்ததன்று. ஆனால் இறந்தவனுக்குச் செலுத்தப்படும் அந்த விசுவாசத்தைத் திருத்தவோ தணிக்கவோ அந்த இறந்தவனால் இயலாது. ஆகவே அது ஒரு குழந்தையை அரியணைப் பகடையாக்கவும், ஒரு பெண்ணின் துயரத்தைக் கருவியாக்கவும் தயங்கவில்லை. உடையார்குடிக் கல் துரோகிகள் என்று ஒரே சொல்லில் முடித்த மனிதர்களுக்கு அவர்கள் பக்க நியாயத்தையும் தந்தது கல்கியின் பெருந்தன்மை.

பார்த்திபேந்திரனின் வீழ்ச்சி சுருக்கமாகச் சொல்லத்தக்கது: கரிகாலனின் உற்ற நண்பனாக இருந்தவன், நந்தினியைக் கண்டபின் தன்னையறியாமலே அவள் ஏவலனாகிறான். பெரிய பழுவேட்டரையரின் வீழ்ச்சி அப்படிப்பட்டதன்று. 64 விழுப்புண்களைச் சோழ குலத்துக்காக ஏற்ற உடம்பு அவருடையது. விழுப்புண் என்பது போரில் மார்பிலும் முகத்திலும் ஏற்கும் புண். அத்தகையவர் முதுமையில் கொண்ட மோகத்தால், தாம் காத்த குலத்துக்கே ஆபத்தை வீட்டுக்குள் அழைத்துவந்தார். உண்மை தெரிந்தபின் தம்மைத் தாமே விசாரித்துத் தண்டித்துக்கொள்ளும் ஒரே பாத்திரமும் அவரே. குற்றத்தைச் சபையறியத் தம்மேல் ஏற்று, தம் வாளாலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறார். அதன்மூலம் பழி சுமந்து நின்ற வந்தியத்தேவனுக்கும் விடுதலை வழி திறக்கிறது. நாவலில் இவரைவிடப் பெரிதாகத் தவறியவர் இல்லை. தவறியபின் இவரைவிட நேர்மையாக நின்றவரும் இல்லை.

அந்தப் பழியைப் பற்றிச் சொல்லாமல் இவ்வாராய்ச்சி முழுமை பெறாது. கடம்பூர் மாளிகையில் கரிகாலன் கொல்லப்படும் வேளையில் விளக்கு அணைந்துவிடுகிறது. யார் கை செய்தது என்பதைக் கல்கி உறுதியாகச் சொல்லாமலே விடுகிறார். நினைவு திரும்பிய வந்தியத்தேவன் இருட்டில் தடவிக் காண்பது எசமானனின் உயிரற்ற உடல்; வந்து பார்ப்போர் காண்பது உடலோடு இருக்கும் வந்தியத்தேவன். நிலவறையில் நடந்தது அப்படியே மீண்டும் நடக்கிறது: இருட்டு, குத்துண்ட ஒருவன், அருகில் அவன், சாட்சி இல்லை. ஒரே காட்சியைக் கல்கி இருமுறை அமைத்தது, நம்புகிறவர் யார் என்ற வினாவை இருமுறை எழுப்புவதற்காகவே. குந்தவை நம்புகிறாள். அருள்மொழி நம்புகிறான். மணிமேகலையோ நம்புவதோடு நில்லாமல், கொன்றவள் தானே என்று சொல்லி அவன் பழியைத் தன் தலைமேல் இழுத்துக்கொள்கிறாள். தன்னை விரும்பாத ஒருவனுக்காக அவள் சொன்ன அந்தப் பொய், கணக்குப் பார்க்காத அறம். முடமோசியார் பாடிய கொடைக்கு இணையான ஒன்று நாவலில் உண்டெனில் அது இதுவே. அவள் அண்ணன் அப்போதும் நம்பவில்லை என்பதையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே வீட்டில் பிறந்த இருவருள் பழகியவன் ஐயுற்றான், பழக்கமில்லாதவள் தன்னையே கொடுத்தாள்.

நாவலின் முடிவு இவ்வரிசையில் வைத்து நோக்கும்போதுதான் விளங்கும். பூமாலை கட்டிய சேந்தன் அமுதனே கண்டராதித்தரின் உண்மையான மகன் என்பது வெளிப்படுகிறது. முடி தனக்கே வரவேண்டிய வேளையில் அருள்மொழிவர்மன் அதை எடுத்து அவன் தலையில் சூட்டுகிறான். வரலாற்றில் கண்டராதித்தரின் மகனாக அரியணை ஏறிய உத்தம சோழன்மேல் ஐயம் படர்ந்தே இருந்தது. கரிகாலன் கொலையில் அவனுக்குப் பங்கு உண்டோ என்று நீலகண்ட சாஸ்திரியார் கருதியதும், அக்கருத்தைச் சதாசிவப் பண்டாரத்தார் மறுத்ததும் அறிஞர் அறிந்தவை. திருவாலங்காட்டுச் செப்பேடுகள், தன் சிற்றப்பன் (உத்தம சோழன்) அரசை விரும்பும் வரை அருள்மொழி அதை மனத்தாலும் நினைக்கவில்லை என்று கூறுகின்றன. செப்பேடு சொல்வது விட்டுக்கொடுத்தலை. யாருக்கு, ஏன் என்ற கேள்விக்கு அது ‘விரும்பினான்’ என்பதோடு நிற்கிறது. கல்கி அந்த இடைவெளியில் ஒரு மனிதனை நிறுத்தினார். அரசை விரும்பாதவனும், முன்பின் அறியாத வழிப்போக்கனுக்குக் கதவைத் திறந்தவனும், அதற்காகப் பாதாளச் சிறையில் கிடந்தவனுமான ஒருவனிடம் சோழநாட்டின் மணிமுடி 985 வரை இருந்தது என்று அவர் எழுதினார்.